கமக்காரரின் விற்பனை நிலையத்தை இணையத் தேசப்படத்திற் பதிவுசெய்தல்

மிளகாய் நாற்று, மேடையில் நான்கு தொடக்கம் ஐந்து வாரம் வரை வளர்ந்ததும் நடுகைக்கு ஆயத்தமாகிறது. தக்காளி நாற்றுக்கு மூன்று தொடக்கம் நான்கு வாரம் போதும். அதற்குமேலும் மேடையிலேயே நிற்குமாயின் தண்டு நீண்டு மெலியும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னும், நட்டபின் வேர்பிடிக்கத் தாமதமாகும், விளைவுங் குறையும். ஆகவே நாற்று விற்பவருக்கு ஒவ்வொரு மேடைக்குங் கிடைக்கும் விற்பனைக் காலம் ஏறக்குறைய ஒரு வாரமேயாகும். அவ்வாரத்தில் வாங்குவோர் வந்து சேராவிடின், விதைக்கும் பசளைக்கும் கூலிக்கும் செலவிட்ட பணம் முழுவதும் கன்றுடன் சேர்ந்து எருக்குழிக்குச் செல்லும்.

அதே வாரத்தில், சில மைல் தூரத்தில், நிலத்தைப் பண்படுத்திப் பாத்தி கட்டி வைத்துவிட்டுக் கன்று தேடி அலையும் வேறொரு கமக்காரர் இருத்தல் கூடும். முன்னாளில் இவ்விருவரையும் சேர்த்துவைத்தவை சந்தைப் பேச்சும் தேநீர்க்கடைப் பேச்சுமாகும். அவை இன்றும் உண்டு. எனினும் கன்று தேடுபவர் இப்பொழுது முதலிற் செய்வது, கைத்தொலைபேசியை எடுத்துக் கூகிளில் "அருகில் மிளகாய்க் கன்று" எனத் தேடிப் பார்ப்பதேயாகும். அங்கு காட்டப்படும் இடத்திற்கே அவர் செல்வார். காட்டப்படாத மேடை அடுத்த ஒழுங்கையில் இருப்பினும், அவரைப் பொறுத்தவரை அது இல்லாததே.

கமக்காரர் தமது விற்பனை நிலையத்தை இத்தேடலில் தோன்றச் செய்யும் முறையும், தோன்றியபின் அதனைப் பேணும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. வேண்டியவை இரண்டு: பதிவில் உள்ளவை யாவும் உண்மையாயிருத்தல், அவ்வுண்மை மாறும்போதெல்லாம் பதிவையும் மாற்றுதல்.

1. எவருக்கு ஏற்றது

தமது இடத்திற்கு வாங்குவோர் நேரே வந்து பொருள் பெறும் கமக்காரருக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. மரக்கறிக் கன்று, பழமரக் கன்று விற்போர், விதைநெல் விற்போர், மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பாரம்பரிய இனங்களின் அரிசியைக் குற்றி வீட்டிலேயே விற்போர், தோட்ட வாயிலிற் கொட்டில் அமைத்து அன்றன்று பறித்த மரக்கறியை விற்போர் ஆகியோர் இவ்வகையினர்.

வாங்குவோர் வராது, தாமே பொருளைக் கொண்டுசென்று கொடுப்பவரும் பதிவு செய்யலாம். அவர் தமது முகவரியை மறைத்து, தாம் சென்று விநியோகிக்கும் ஊர்களை மாத்திரம் குறித்தல் வேண்டும். இவ்வாறு 20 பகுதிகள் வரை குறிக்க இடமுண்டு.

நெல் முழுவதையும் அறுவடைக் களத்திலேயே ஆலைக்காரருக்கோ நெல் சந்தைப்படுத்தும் சபைக்கோ கொடுத்துவிடுபவருக்கு இதனாற் பயன் சிறிது. இன்று ஓர் இடத்திலும் நாளை வேறோர் இடத்திலும் வீதியோரத்திற் பொருளைப் பரப்பி விற்பவருக்கும் இது பொருந்தாது. நிலையான இடமும் நிலையான பெயர்ப்பலகையும் இருத்தல் வேண்டும்.

2. தேடல் நடைபெறும் விதம்

கூகிள் நிறுவனத்தின் தேசப்படம் 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறு வணிகர் தம் இடத்தைத் தாமே பதிந்து நிருவகிக்கும் வசதி 2014 ஆம் ஆண்டிற் "கூகிள் மை பிசினஸ்" எனும் பெயரில் ஒழுங்குபடுத்தப்பட்டு, 2021 ஆம் ஆண்டிற் "கூகிள் பிசினஸ் புரொபைல்" எனப் பெயர் மாற்றப்பட்டது. இங்கு அது வணிகப் பதிவு எனக் குறிக்கப்படும்.

ஒருவர் தமக்கு அருகிலுள்ள இடமொன்றைத் தேடும்போது எவ்விடத்தை முதலிற் காட்டுவது என்பது மூன்று காரணிகளாற் பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது என அந்நிறுவனமே அறிவித்துள்ளது.

முதலாவது பொருத்தம். தேடப்பட்ட பொருளும் பதிவில் உள்ள விபரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது. மிளகாய்க் கன்று விற்பவர் தமது பதிவிற் "பண்ணை" என்ற ஒரு சொல்லை மாத்திரம் எழுதியிருப்பாராயின், அங்கு கன்று உண்டென்பதை அறிய வழியில்லை.

இரண்டாவது தூரம். தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து, அல்லது அவர் பெயர் குறித்த ஊரிலிருந்து, விற்பனை நிலையம் எவ்வளவு தூரம் என்பது. இதனை எவராலும் மாற்ற இயலாது. ஆனால் இடக்குறி பிழையான இடத்தில் இடப்பட்டிருப்பின் தூரமும் பிழையாகவே கணிக்கப்படும்.

மூன்றாவது பிரபல்யம். அவ்விடத்தைப் பலரும் அறிவரா, அதைப்பற்றி எத்தனை பேர் கருத்துரை எழுதியுள்ளனர், எவ்வாறு மதிப்பிட்டுள்ளனர், வேறு இணையப் பக்கங்களில் அதன் பெயர் வருகின்றதா என்பன.

பரந்தன் சந்தியில் நிற்கும் ஒருவர் மிளகாய்க் கன்று தேடுவதாகக் கொள்வோம். ஒரு மேடை 1 கிலோமீற்றர் தூரத்தில் உளது. ஆனால் அதன் பதிவில் விற்பனைப் பொருள் எதுவுங் குறிக்கப்படவில்லை. மற்றது 6 கிலோமீற்றர் தூரத்தில் உளது. அதன் பதிவில் மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகள் குறிக்கப்பட்டு, நிழற்படமும் பதினைந்து கருத்துரைகளும் உள. தூரத்திலுள்ள மேடை முதலிற் காட்டப்படுதல் கூடும். அருகிலிருந்தும் விபரம் இன்மையால் வாங்குவோரை இழத்தல் இவ்வாறே நிகழ்கிறது.

3. பதிவு செய்யும் முறை

பதிவுக்குக் கூகிள் கணக்கு ஒன்று தேவை. கைத்தொலைபேசியைப் பிள்ளைகளோ உறவினரோ இயக்கிக் கொடுத்தல் வழக்கம். அவ்வாறாயினும் கணக்கு கமக்காரரின் சொந்தப் பெயரில் இருத்தல் வேண்டும். அதன் கடவுச்சொல் குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டு வீட்டிற் பத்திரமாக வைக்கப்படல் வேண்டும். பதிவு செய்து கொடுத்தவர் ஊரைவிட்டுச் சென்றபின் கணக்கைத் திறக்க இயலாது, பழைய தொலைபேசி இலக்கமே ஆண்டுக்கணக்காகத் தோன்றும் நிலையங்கள் உள.

புதிய பதிவு தொடங்குமுன் அவ்விடம் ஏற்கெனவே தேசப்படத்தில் உள்ளதா எனத் தேடிப் பார்த்தல் வேண்டும். வழிப்போக்கர் எவரேனும் முன்னரே சேர்த்திருத்தல் கூடும். அவ்வாறிருப்பின் அதனையே உரிமைகோரிப் பெறுதல் வேண்டும். ஓரிடத்திற்கு இரு பதிவுகள் இருப்பின் கருத்துரைகள் பிரிந்துபோகும், வாங்குவோருங் குழம்புவர்.

பதிவுக்குரியவர் அவரே என்பதைக் கூகிள் உறுதிப்படுத்தும். தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், காணொளி முதலிய வழிகளுள் எது என்பதை அந்நிறுவனமே தெரிவுசெய்யும். காணொளி கேட்கப்படின், இடையறாது ஒரே தடவையில் அதனைப் பிடித்தல் வேண்டும். வீதியும் சுற்றாடலும், பெயர்ப்பலகை, நாற்றுத்தட்டுகளும் கருவிகளும், பூட்டிய படலையை உரியவர் திறக்கும் காட்சி ஆகியவை அதில் அடங்குதல் நன்று. ஆகவே பெயர்ப்பலகையை முதலில் நாட்டிவிட்டுப் பதிவைத் தொடங்குவதே முறை.

4. இடக்குறி

விற்பனை நிலையம் வீதியோரத்தில் அமைந்த நகரங்களில் இது எளிது. கமக்காரரின் இடம் பெரும்பாலும் வாய்க்கால் வீதியிலும் ஒழுங்கையிலும் இருப்பதால், கவனம் மிகுதியும் வேண்டப்படுவது இங்கேயாகும்.

தேசப்படம் தானாக இடும் குறி சில வேளைகளில் ஊரின் நடுவிலோ, வயலின் நடுவிலோ, வாய்க்காலின் மறுகரையிலோ விழும். மறுகரையில் விழுந்த குறியை நம்பி வரும் லொறி, மதகு இல்லாத இடத்தில் நின்று திரும்ப நேரிடும். குறியைக் கையால் நகர்த்தி, வாகனம் வந்து நிற்கக்கூடிய படலையின்மேல் வைத்தல் வேண்டும். வீடு ஓரிடத்திலும் மேடை வேறோர் இடத்திலும் இருப்பின், பொருள் விற்கும் இடத்திலேயே குறியை வைத்தல் வேண்டும்.

ஊர்ப் பெயருடன் மாவட்டப் பெயரையும் எழுதுதல் அவசியம். திருநெல்வேலி எனும் ஊர் யாழ்ப்பாணத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஊரிலுள்ள பெற்றோருக்காக மாங்கன்று தேடும் ஒருவருக்கு, மாவட்டப் பெயர் இல்லாதவிடத்துக் கடல் கடந்த நாற்றுமேடை காட்டப்படுதல் கூடும்.

வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத இடங்களுக்குப் "பிளஸ் கோட்" எனும் குறியீடு உதவும். தேசப்படத்தில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் எழுத்தும் இலக்கமுங் கலந்த அக்குறியீடு தோன்றும். அதனைப் பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

பதிவு முடிந்தபின் அவ்வூரை அறியாத ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, வழி கேளாது வந்து சேரும்படி கூறுதல் வேண்டும். அவர் எவ்விடத்தில் மயங்குகின்றாரோ அவ்விடத்திற்கு ஓர் அம்புக்குறிப் பலகை தேவை.

5. பெயர், வகை, விபரம்

பெயர்: பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே எழுதுதல் வேண்டும். தேடலில் முந்தலாம் என்று எண்ணிப் பெயருடன் "மலிவு விலை மிளகாய்க் கன்று கத்தரிக் கன்று கிளிநொச்சி" என நீட்டி எழுதுவோர் உளர். இது விதிக்கு மாறானது. பதிவு இடைநிறுத்தப்படுவதற்கும் இடமாகும். நாற்று முற்றும் வாரத்திற் பதிவு மறைந்துபோமாயின் நட்டம் எவ்வளவென்று கூறத் தேவையில்லை.

வகை: தரப்பட்டுள்ள பட்டியலிலிருந்து ஒரு முதன்மை வகையும், வேண்டின் ஒன்பது வரையான மேலதிக வகைகளும் தெரிவுசெய்யலாம். முதன்மை வகையே தேடலிற் பெரிதுங் கணிக்கப்படும். கன்று விற்பவர் நாற்றுமேடைக்குரிய வகையையும், விதைநெல் விற்பவர் விதை வழங்குநருக்குரிய வகையையும் முதன்மையாகக் கொள்ளல் நன்று. விற்காத பொருளுக்குரிய வகைகளைச் சேர்த்தல் தீங்கே பயக்கும்.

விபரம்: 750 எழுத்துக்கு மேற்படாது எழுதலாம். வாங்குவோர் வழக்கத்திற் சொல்லும் சொற்களையே பயன்படுத்துதல் வேண்டும். "தரமான நடுகைப் பொருட்கள்" என்பதை எவருந் தேடுவதில்லை. "மிளகாய்க் கன்று", "கத்தரிக் கன்று", "விதைநெல்" என்பவற்றையே தேடுவர். இனப்பெயர், கன்றின் வயது, ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய ஆகக்குறைந்த அளவு, முன்பதிவு வேண்டுமா என்பது ஆகியவற்றையும் குறித்தால் வீண் தொலைபேசி அழைப்புக் குறையும். பிறமொழி பேசுவோரும் வாங்கும் பகுதிகளிற் பெயர்ப்பலகையையும் நிழற்படத்திலுள்ள விலைப்பலகையையும் மும்மொழியிலும் அமைத்தல் பயன்தரும்.

விதை பற்றிய எச்சரிக்கை: விதையையும் நடுகைப் பொருளையும் விற்போர் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டத்திற்கு அமைந்தொழுகல் வேண்டும். அத்தாட்சிப்படுத்தப்படாத நெல்லை "அத்தாட்சிப்படுத்திய விதைநெல்" எனப் பதிவில் எழுதுதல் கூடாது. ஓர் இனத்தின் பெயரில் வேறோர் இனத்தை வாங்கியவர் போகம் ஒன்றையே இழக்கிறார். இழந்தவர் அதனை ஊரறியக் கருத்துரையாகவும் எழுதுவார்.

தொலைபேசி: இலக்கத்தை முதலிலுள்ள 0 நீக்கி +94 உடன் எழுதுதல் வேண்டும். விற்பனை நேரத்தில் எவர் கையில் உள்ளதோ அத்தொலைபேசியின் இலக்கமே தரப்படல் வேண்டும். வயலில் நிற்பவரின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு அழைப்பை எடுக்காதிருத்தல், இலக்கமே கொடாதிருப்பதிலுந் தீது.

6. நேரமும் பருவமும்

கடைக்காரர் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்திற் கடை திறப்பார். கமக்காரரின் நேரம் பயிரோடு மாறும். நடுகைக் காலத்தில் விடியற்காலையிலேயே விற்பனை நடைபெறும். அறுவடை நாட்களிற் படலை பூட்டியிருக்கும். பதிவோ "திறந்துள்ளது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். முப்பது மைல் தூரத்திலிருந்து வாகனம் பிடித்து வந்தவர் பூட்டிய படலையைக் கண்டு திரும்பின், மறுமுறை வாரார்.

ஆகவே வழக்கமான நேரத்தை மிகைப்படுத்தாது, உண்மையில் ஆள் நிற்கும் நேரத்தை மாத்திரம் குறித்தல் வேண்டும். தைப்பொங்கல், புதுவருடம், கோயிற் றிருவிழா, வீட்டில் நிகழும் நன்மை தீமை ஆகிய நாட்களுக்கு விசேட நேரம் குறிக்க வசதியுண்டு. மேடையிற் கன்று இல்லாத மாதங்களிற் "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" எனக் குறித்து, மீண்டும் விற்பனை தொடங்கும்போது அதனை நீக்குதல் வேண்டும். "நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது" என்பதைத் தவறியும் அழுத்துதல் கூடாது.

7. நிழற்படங்கள்

நான்கு வகைப் படங்கள் போதியன. வீதியிலிருந்து தோன்றும் படலையும் பெயர்ப்பலகையும், மேடையின் முழுத் தோற்றம், விற்பனைக்குரிய கன்றின் வேரும் இலையுந் தெளிவாகத் தோன்றும் அண்மைப் படம், விலைப்பலகை. காலை வெளிச்சத்தில், கைத்தொலைபேசியாலேயே பிடிக்கலாம்.

வேறிடத்துப் படத்தையோ பிறநாட்டுப் பண்ணையின் படத்தையோ இடுதல் தகாது. நேரில் வந்து வேறொன்றைக் காண்பவர் கன்றையும் ஐயுறுவார். சென்ற ஆண்டின் விலைப்பலகை பதிவில் நிற்பின் பிணக்கு ஏற்படும். அதனை அகற்றிப் புதியதை இடுதல் வேண்டும்.

8. கருத்துரைகள்

வாங்கியவர் நட்சத்திரக் குறியிட்டு எழுதுங் கருத்துரை, புதிதாக வருபவர் பெரிதும் நம்பும் பகுதியாகும். கன்று விற்பவர் கருத்துரை கேட்பதற்குத் தக்க காலம், விற்ற நாளன்று. கன்று வேர்பிடித்துத் தளிர்விட்ட இரண்டாம் மூன்றாம் வாரமாகும். அப்பொழுது பயிர் எவ்வாறு உளது என விசாரித்து, விரும்பின் எழுதும்படி கேட்கலாம். இவ்விசாரிப்பினாற் குறைகளும் முன்கூட்டியே தெரியவரும்.

கருத்துரைக்காகப் பணமோ இலவசக் கன்றோ விலைக்கழிவோ கொடுத்தல் விதிக்கு மாறானது. தாமே எழுதுதலும், உறவினரைக் கொண்டு எழுதுவித்தலும், அயலவரின் மேடையைப் பற்றித் தீதாக எழுதுவித்தலும் அவ்வாறே.

"வாங்கிய கன்றிற் பாதி செத்துவிட்டது" என ஒருவர் எழுதுவாராயின், சினந்து மறுமொழி எழுதுதல் ஆகாது. "தங்களுக்கு ஏற்பட்ட நட்டத்திற்கு வருந்துகிறோம். எந்நாளில் நட்டீர்கள், நீர் எவ்வாறு விட்டீர்கள் என்பதைத் தொலைபேசியில் அறியத் தந்தால் காரணத்தைக் கண்டு ஆவன செய்வோம்" என்பதுபோல் எழுதுதல் வேண்டும். அம்மறுமொழியைக் குறைகூறியவர் ஒருவரே வாசிப்பதில்லை. இனி வாங்க எண்ணுவோர் எல்லோரும் வாசிப்பர். குறை உண்மையாயிருப்பின் கன்றை மாற்றிக் கொடுத்தலே சிறந்த மறுமொழி.

9. ஏமாற்றுவோர்

"பணம் தந்தால் உங்கள் மேடையைத் தேடலில் முதலாவதாகக் காட்டுவோம்" எனத் தொலைபேசியிற் கூறுவோர் உளர். உள்ளூர்த் தேடலின் வரிசையிற் பணங்கொடுத்து முந்த இயலாது எனக் கூகிள் தெளிவாக அறிவித்துள்ளது. விளம்பரம் வேறு, அது விளம்பரம் என்றே குறிக்கப்பட்டுத் தோன்றும். வெறுங் கையோடு வந்து முதலிடம் வாங்கித் தருவதாகக் கூறுபவருக்குக் கன்று விற்ற காசைக் கொடுத்தல் வேண்டா.

உறுதிப்படுத்தும்போது வரும் குறியீட்டு இலக்கத்தை எவருக்குங் கூறுதல் கூடாது. அதனைப் பெற்றவர் பதிவைத் தம் வசமாக்கி, தமது தொலைபேசி இலக்கத்தை அதில் இட்டுக்கொள்ளல் கூடும். தேசப்படத்தைப் பயன்படுத்தும் எவரும் ஒரு பதிவுக்குத் திருத்தம் முன்மொழியவும் இயலும். எனவே வாரத்தில் ஒரு நாள் பதிவைத் திறந்து, பெயர், இலக்கம், நேரம், இடக்குறி ஆகிய நான்கும் இட்டவாறே உளவா எனப் பார்த்தல் வேண்டும்.

10. பயனை அளத்தல்

பதிவின் வழியாக எத்தனை பேர் அழைத்தனர், எத்தனை பேர் வழி கேட்டனர், எச்சொல்லைத் தேடி வந்தனர் என்பவற்றைப் பதிவின் பெறுபேற்றுப் பகுதியிற் காணலாம். ஆயினும் அழைத்தவர் எல்லோரும் வாங்குவதில்லை. விற்பனைப் புத்தகத்தில் ஒரு நிரலை ஒதுக்கி, வரும் ஒவ்வொருவரிடமும் "எவ்வாறு அறிந்து வந்தீர்கள்?" எனக் கேட்டு, சந்தை, அயலவர், வீதிப் பலகை, தொலைபேசித் தேடல் எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு போகம் முடிந்தபின் எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும். பலர் "வத்தகைக் கன்று" தேடி வந்து இல்லையெனத் திரும்பியிருப்பின், அடுத்த போகத்தில் எதனை விதைப்பது என்பதற்கும் அப்புத்தகம் விடை கூறும்.

போகத்திற்கான வேலை ஒழுங்கு

நாற்றுமேடை விதைக்கும் வாரம்: பதிவில் இனப்பெயரையும், கன்று ஆயத்தமாகும் திகதியையும் எழுதுக.
விற்பனைக்கு ஒரு வாரம் முன்: "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்பதை நீக்குக, நேரத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சரிபார்க்க.
விற்பனை தொடங்கும் நாள்: கன்றின் புதிய நிழற்படமும் விலைப்பலகையும் இடுக.
விற்பனை வாரங்கள்: கன்று தீர்ந்த இனத்தை அன்றே நீக்குக.
விற்றபின் மூன்றாம் வாரம்: வாங்கியோரை விசாரித்துக் கருத்துரை கேட்க.
போக முடிவு: புத்தகத்தைக் கணக்கிடுக, மேடை வெறுமையாயின் தற்காலிக மூடலைக் குறிக்க.

நல்ல பதிவு நலிந்த கன்றை விற்றுத் தராது. நலிந்த கன்றை வாங்கியவரின் கருத்துரை அப்பதிவிலேயே நிற்கும். ஆனால் நல்ல கன்று, தேடுபவர் கண்ணிற் படாமையால் மேடையிலேயே முற்றி எருவாகும் நட்டத்தை இதனாற் பெரிதுந் தவிர்க்கலாம். இதற்குச் செல்வது முதலில் ஓர் அரை நாளும், பின்னர் வாரத்திற் கால் மணித்தியாலமுமேயாகும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.